தீர்ப்புக்கு முந்தைய இரவு

நீதிமன்ற வாசலில் ஒருவர் கையில் துணியோடு நிற்கிறார். தொலைவில், அந்தத் துணி கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், இன்னொருவர் குதிரைமேல் காத்திருக்கிறார். அதற்கும் அப்பால், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒருவரைக் கொலைக்களத்துக்கு நடத்திப் போகிறார்கள். அந்த நேரத்தில் யாராவது மன்றத்துக்குள் ஓடிவந்து, அவர் பக்கம் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது என்றால் போதும். வாசலில் நிற்பவர் துணியை வீசுவார். குதிரைக்காரர் பாய்ந்து போய் நிறுத்துவார். கைதியைத் திரும்ப அழைத்து வருவார்கள்.

யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்லும் ஏற்பாடு இது. தொகுக்கப்பட்ட காலம் ஏறத்தாழ கி.பி. 200. கைதிக்கு முன்னால் ஒரு கட்டியக்காரரும் நடப்பார். இன்னார் மகன் இன்னார், குற்றம் இது, சாட்சிகள் இவர்கள், இவருக்கு ஆதரவாக ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கூவிக்கொண்டே போவார். கைதியே தனக்காக ஒன்று சொல்ல வேண்டும் என்றாலும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். அவர் சொல்வதில் பொருள் இருந்தால் நான்கு முறை, ஐந்து முறைகூடத் திரும்பலாம். தொலைபேசி இல்லாத காலத்தில், ஒரு மன்றம் தன் தவறைக் கடைசி நிமிடத்திலாவது பிடித்துவிட வைத்திருந்த அவசரத் தொடர்பு இது. அதற்கான செலவு ஒரு துணி, ஒரு குதிரை, இரண்டு ஆட்கள்.

இரக்கம், நடுவுநிலை, பணிவு, தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் பழக்கம் ஆகியவற்றை எல்லாச் சமயங்களும் போதிக்கின்றன. நீதிபதிக்கு இவை வேண்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் நல்ல மனிதர் ஒருவர் திங்கள் காலையும் வெள்ளி மாலையும், தலைவலி வந்த நாளிலும், வீட்டில் சண்டை நடந்த நாளிலும் ஒரே அளவு நல்லவராக இருப்பாரா? குற்றவியல் நீதியை வடிவமைத்தவர்கள் இந்தக் கேள்வியை நேராகச் சந்தித்தார்கள். அறத்தைக் கருவியாக்கினார்கள். எண்ணாகவும் நேரமாகவும் பேசும் வரிசையாகவும் நாற்காலி போடும் முறையாகவும், சில இடங்களில் ஒரே ஒரு சட்ட வாக்கியத்தின் அமைப்பாகவும் அதை மாற்றினார்கள். அந்தக் கருவிகள் சிலவற்றைக் கழற்றிப் பார்ப்போம்.

இருபத்து மூன்று பேரின் கணக்கு

உயிர் போகக்கூடிய வழக்கை விசாரிக்க 23 நீதிபதிகள் வேண்டும் என்கிறது மிஷ்னா. இரண்டு கிரிக்கெட் அணிகளும் ஒரு நடுவரும் சேர்ந்தால் வரும் எண்ணிக்கை. 12 பேர் குற்றமற்றவர் என்றும் 11 பேர் குற்றவாளி என்றும் சொன்னால் விடுதலை. ஒரு வாக்கு வித்தியாசம் போதும். இதையே திருப்பிப் போடுங்கள். 12 பேர் குற்றவாளி என்கிறார்கள், 11 பேர் இல்லை என்கிறார்கள். இப்போது தண்டனை கிடையாது. தண்டிக்கக் குறைந்தது இரண்டு வாக்கு வித்தியாசம் வேண்டும். எனவே நீதிபதிகளை இரண்டிரண்டு பேராகக் கூட்டிக்கொண்டே போவார்கள், 71 பேர் வரை. தராசின் ஒரு தட்டில் முன்கூட்டியே வைத்த எடைக்கல் போன்றது இது. இரக்கத்துக்கு இங்கே துல்லியமான ஓர் அளவு கிடைத்திருக்கிறது: ஒரு வாக்கு.

பேசும் வரிசையிலும் நுட்பம் உண்டு. பண வழக்கு என்றால் மூத்த நீதிபதி முதலில் பேசுவார். உயிர் வழக்கு என்றால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் இளையவர்தான் தொடங்க வேண்டும். பெரியவர் குற்றவாளி என்று சொல்லி முடித்த பிறகு சின்னவர் மறுத்துப் பேசுவாரா? மேலாளர் கருத்தைச் சொன்னதும் அறை முழுக்கத் தலையாட்டும் அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை தெரியும். இன்னொன்றும் உண்டு. விடுதலைக்காக வாதாடிய நீதிபதி பிறகு எதிர்ப்பக்கம் போய் வாதாடக் கூடாது. தண்டனைக்காக வாதாடியவர் மனம் மாறி இந்தப் பக்கம் வரலாம். கதவு ஒரு பக்கமாக மட்டுமே திறக்கிறது.

இந்த அமைப்பின் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. விடுதலை என்றால் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லலாம். தண்டனை என்றால் மறுநாள்தான் சொல்ல வேண்டும். அதனாலேயே ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் உயிர் வழக்கை எடுக்கக் கூடாது. இடைப்பட்ட இரவில் நீதிபதிகள் இருவர் இருவராகச் சேர்ந்து, குறைவாகச் சாப்பிட்டு, மதுவைத் தொடாமல், விடிய விடிய வழக்கைப் பேசுவார்கள். மிஷ்னாவுக்கு விளக்கமாக வளர்ந்த தல்மூது இன்னும் ஒரு படி போகிறது. எல்லா நீதிபதிகளும் ஒரே குரலில் குற்றவாளி என்றால் அந்த மனிதரை விட்டுவிட வேண்டும் என்ற கருத்து அதில் பதிவாகியிருக்கிறது. காரணம் அழகானது. இரவைக் கொடுப்பதே அவருக்கு ஆதரவாக ஏதாவது தோன்றுமா என்று பார்ப்பதற்கு. ஒருவருக்குக்கூட இதுவரை எதுவும் தோன்றவில்லை என்றால் அந்த இரவு வீண்.

எருசலேம் கோயில் கி.பி. 70இல் இடிக்கப்பட்டு நூறாண்டுக்கு மேல் ஆன பிறகு தொகுக்கப்பட்ட விதிகள் இவை. அப்போது மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் யூத மன்றங்களிடம் இல்லை. எனவே இவற்றை ஒரு மன்றம் எப்படி இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் வரைந்த வரைபடமாகப் படிக்க வேண்டும். ஏழு ஆண்டுக்கு ஒரு முறை ஒருவரைக் கொல்லும் மன்றம் நாசகார மன்றம் என்று அதே நூல் சொல்கிறது. எழுபது ஆண்டுக்கு ஒரு முறை என்றாலே அந்தப் பெயர் பொருந்தும் என்கிறார் ஓர் அறிஞர்.

ஆன்மாவுக்கு அஞ்சியவர்கள்

இனி இடைக்கால ஐரோப்பா. குற்றம் சாட்டப்பட்டவர் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும். கையைக் கட்டிவிட்டு மூன்று நாள் கழித்துப் பாதிரியார் அவிழ்த்துப் பார்ப்பார். புண் ஆறத் தொடங்கியிருந்தால் குற்றமற்றவர், சீழ் பிடித்திருந்தால் குற்றவாளி. நமக்குக் கொடூரமாகத் தெரிகிற இந்தச் சோதனை நீதிபதிக்கு ஒரு நிம்மதியைத் தந்தது. தீர்ப்பைச் சொன்னது கடவுள், தான் இல்லை.

1215இல் போப் கூட்டிய நான்காம் லாத்தரன் பேரவை இதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இத்தகைய சோதனைகளைப் பாதிரிமார் ஆசீர்வதிக்கக் கூடாது என்று தடை போட்டது. பாதிரியார் விலகியதும் இரும்பு வெறும் இரும்பாகிவிட்டது. இங்கிலாந்தில் 1219இல் அரச ஆணை வந்து அந்த முறை ஒழிந்தது. அதன் இடத்தை ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் அடங்கிய நடுவர் குழு பிடித்தது. கடவுளின் தோளில் இருந்த பாரம் இப்போது பன்னிரண்டு விவசாயிகள், கொல்லர்கள், வணிகர்கள் தோளில் இறங்கியது.

அவர்கள் நடுங்கினார்கள். குற்றமற்றவரைத் தூக்கில் போட்டால் அது கொலைப் பாவம், நரகம் நிச்சயம் என்பது அன்றைய நம்பிக்கை. மனம் உறுத்தும்போது பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடு என்று திருச்சபை போதித்தது. பாதுகாப்பு என்றால் நடுவரின் ஆன்மாவுக்கு. ‘நியாயமான சந்தேகத்துக்கு இடமின்றி’ என்று இன்று உலகெங்கும் நீதிமன்றங்களில் ஒலிக்கும் சொற்றொடரின் வேர் இங்கேதான் இருக்கிறது என்கிறார் யேல் பல்கலைக்கழகச் சட்ட வரலாற்றாளர் ஜேம்ஸ் விட்மன். அவர் கணிப்பில் அந்தச் சொற்றொடர் முதலில் காத்தது கூண்டில் நின்றவரை இல்லை, தீர்ப்புச் சொன்னவரை. பயந்த மனசாட்சிக்கு ஓர் ஆறுதல் விதி அது: உன் சந்தேகம் நியாயமானது என்றால் விட்டுவிடு, நியாயமான சந்தேகம் எதுவும் இல்லை என்றால் தண்டிப்பது பாவமாகாது.

தீர்ப்புச் சொல்பவருக்காகக் கட்டிய வேலி காலப்போக்கில் குற்றம் சாட்டப்பட்டவரைச் சுற்றி நகர்ந்துவிட்டது. 1760களில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் அதற்கு ஓர் எண் கொடுத்தார்: குற்றமற்ற ஒருவர் துன்புறுவதைவிடக் குற்றவாளிகள் பத்துப் பேர் தப்பிப்பது மேல். அவருக்கு அறுநூறு ஆண்டுக்கு முன்பே எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடீஸ் அந்த எண்ணை ஆயிரம் என்று வைத்திருந்தார். இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. எல்லையோரத் தகராறு போன்ற உரிமையியல் வழக்கில் தராசு நூலளவு சாய்ந்தாலும் அந்தப் பக்கம் வெற்றி. குற்றவியல் வழக்கில் தட்டு தரையைத் தொட வேண்டும். ‘சந்தேகத்தின் பலன்’ அளித்து விடுதலை என்று செய்தித்தாளில் படிக்கும்போது, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய யாரோ ஒருவரின் நரக பயம் அந்த வரியில் இன்னும் வேலை செய்கிறது.

நடுவர் தரும் இருபத்து நான்கு மணி நேரம்

யூதர்களின் அந்த இரவு நம் இந்தியச் சட்டத்துக்குள்ளும் ஒளிந்திருக்கிறது. கைதானவர் ஒப்புக்கொண்டார் என்று செய்தி வரும். காவல் துறையிடம் சொன்ன ஒப்புதலை 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டமே நீதிமன்றத்துக்குள் விடவில்லை. அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமும் விடவில்லை. செல்லுபடியாக வேண்டும் என்றால் நீதித்துறை நடுவர் முன் சொல்ல வேண்டும். அங்கேதான் விந்தை. உண்மையைக் கறக்க வேண்டிய இடத்தில் நடுவர் முதலில் தடுக்கிறார். நீ ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, சொன்னால் அது உனக்கு எதிராகவே பயன்படலாம் என்று எச்சரிக்கிறார். பிறகு யோசிக்க அவகாசம் தருகிறார். அந்த அவகாசம் பொதுவாக 24 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. யோசித்துவிட்டு அவர் பேச விரும்பவில்லை என்றால்? அவரை மீண்டும் காவல் துறையின் பிடிக்கு அனுப்ப நடுவர் அனுமதிக்கக் கூடாது. அச்சம் விலக ஒரு பகலும் ஓர் இரவும் தேவை என்று சட்டம் அளந்து வைத்திருக்கிறது.

விசாரணையின் பின்பகுதியில் இன்னொரு அரிய தருணம் வருகிறது. சாட்சிகள் பேசியாகிவிட்டது, குறுக்கு விசாரணை முடிந்துவிட்டது. இப்போது நீதிபதி வழக்கறிஞர்களைத் தாண்டி, கூண்டில் நிற்பவரிடம் நேராகப் பேச வேண்டும். உங்களுக்கு எதிராக இந்தச் சாட்சி இப்படிச் சொல்கிறார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். சத்தியப் பிரமாணம் கிடையாது. பதில் சொல்ல மறுத்தாலும், சொன்ன பதில் பொய் என்றாலும் அதற்காகத் தண்டனை கிடையாது. பல மாதங்களாகத் தன்னைப் பற்றி மற்றவர்கள் பேசுவதைக் கேட்டு நின்ற மனிதருக்கு, அவருடைய சொந்த மொழியில், சொந்தக் குரலில் பேச ஒரு வாசல் திறக்கிறது.

பசித்த நீதிபதி

கருவிகள் எல்லாம் சரி. அவற்றை இயக்குபவருக்கு வயிறும் நரம்பும் இருக்கிறதே? கோபமாக இருக்கும் நீதிபதி இருவருக்கிடையே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நபிமொழிகளில் ஒன்று. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் கோபத்தோடு நிறுத்தவில்லை. பசி, தாகம், தூக்கம், சிறுநீர் அடக்கிக்கொண்டிருக்கும் அவஸ்தை என்று பட்டியலை நீட்டினார்கள். மனத்தை வேறு பக்கம் இழுக்கும் எதுவும் கோபத்துக்குச் சமம்.

நமக்குத் தெரிந்த ஒரு தீர்ப்பை இந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்கலாம். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் கோவலனைக் கொல்லச் சொன்னது அரியணையில் இருந்து இல்லை. ஊடிப் போன அரசியைத் தேடி அந்தப்புரத்துக்கு நடந்துகொண்டிருந்தான். வழியில் பொற்கொல்லன் வந்து கள்வன் அகப்பட்டான் என்றான். அரசன் மனம் வேறிடத்தில் இருந்தது. நின்றபடியே ஓர் ஆணை பிறந்தது. சிலம்பின் உள்ளே முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்கும் சோதனைக்குச் சில நொடிகள் போதும் என்பது பிறகு தெரிந்தது. கோவலனைக் காப்பாற்ற ஓர் இரவுகூடத் தேவைப்படவில்லை. ஒரு கேள்வியும் அது கேட்கப்படும் அளவு நேரமும் போதுமாக இருந்தது.

இன்றைய ஆய்வாளர்கள் இதையே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இஸ்ரேலில் கைதிகளைப் பரோலில் விடுவது பற்றி எட்டு நீதிபதிகள் எடுத்த 1,112 முடிவுகளை ஆராய்ந்து 2011இல் ஒரு கட்டுரை வெளியானது. உணவு இடைவேளை முடிந்து வந்ததும் ஏறத்தாழ 65 விழுக்காடு கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. நேரம் போகப் போக அது பூச்சியத்தை நெருங்கியது. அடுத்த இடைவேளைக்குப் பிறகு மீண்டும் 65. வழக்கறிஞர் இல்லாத கைதிகளின் மனுக்கள் ஒவ்வோர் அமர்விலும் கடைசியில் வந்ததும் ஒரு காரணம் என்று வேறு ஆய்வாளர்கள் எதிர்வாதம் வைத்தார்கள். பசியின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் தொடர்கிறது.

அதைவிட வியப்பூட்டும் சோதனை ஜெர்மனியில் நடந்தது. 2006இல் வெளிவந்த அந்த ஆய்வில் சட்டத் துறையினரிடம் ஒரு கடைத் திருட்டு வழக்கின் கோப்பைக் கொடுத்தார்கள். தண்டனையை முடிவு செய்யும் முன் பகடை உருட்டச் சொன்னார்கள். பகடையில் ஏமாற்று வேலை இருந்தது. சிலருக்குக் கூட்டுத்தொகை 3 மட்டுமே விழும், சிலருக்கு 9 மட்டுமே. 3 விழுந்தவர்கள் விதித்த தண்டனையின் சராசரி ஏறத்தாழ 5 மாதம். 9 விழுந்தவர்கள் விதித்தது ஏறத்தாழ 8 மாதம். பகடைக்கும் வழக்குக்கும் தொடர்பில்லை என்பது அவர்கள் கண்முன்னே தெரிந்தும் எண் மனத்தில் ஒட்டிக்கொண்டது. உளவியலில் இதை நங்கூர விளைவு என்பார்கள். முதலில் காதில் விழும் எண், படகை நங்கூரம் போல மனத்தைக் கட்டிவிடுகிறது. தன் எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தானே திரும்பிப் பார்க்கும் பயிற்சியைச் சமயங்கள் தியானம் என்றும் ஆத்ம சோதனை என்றும் அழைத்தன. நீதிபதிக்கு அது தொழில் கருவியும்கூட.

இரண்டாகப் பிளந்த தீர்ப்பு

நம் அமர்வு நீதிமன்றத்தில் தீர்ப்பு ஒரே துண்டாக வருவதில்லை. முதல் பாதி, குற்றம் நிரூபணமானதா என்பது. நிரூபணம் என்றால் நீதிபதி நிறுத்த வேண்டும். தண்டனை குறித்து என்ன சொல்கிறீர்கள் என்று கூண்டில் நிற்பவரைக் கேட்ட பிறகே இரண்டாம் பாதி. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 235(2) பிரிவாக இது வந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 258(2). முதல் பாதி செயலைப் பற்றியது. இரண்டாம் பாதி மனிதரைப் பற்றியது: அவர் வயது, வளர்ந்த வீடு, பட்ட அடிகள், திருந்தும் வாய்ப்பு.

1976இல் ஒரு கொலை வழக்கில் நீதிபதி இந்தக் கேள்வியைக் கேட்காமலே மரண தண்டனை விதித்திருந்தார். உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கி, கேட்டுவிட்டு மறுபடி முடிவு செய்யும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. 1989இல் இன்னும் தெளிவாகச் சொன்னது: குற்றவாளி என்று அறிவித்த பிறகு, பொதுவிதியாக, தண்டனையை வேறொரு நாளுக்குத் தள்ளி வையுங்கள். மிஷ்னாவின் இரவு பதினெட்டு நூற்றாண்டு கழித்து டெல்லியில் மீண்டும் தோன்றியது. ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாமா, எவ்வளவு அவகாசம் உண்மையான அவகாசம் என்ற கேள்வி 2022இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது.

ஒரு வாக்கியத்தைத் தலைகீழாக்கி உயிர்களைக் காக்க முடியுமா? 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, கொலை வழக்கில் மரண தண்டனை விதிக்காத நீதிபதி ஏன் விதிக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும். தூக்கு வழக்கமான பாதை, ஆயுள் விலகிச் செல்லும் பாதை. 1955இல் அந்த விதியை நீக்கினார்கள். 1973இல் முழுவதும் திருப்பிப் போட்டார்கள். இப்போது மரண தண்டனை விதித்தால்தான் சிறப்புக் காரணங்களை எழுத வேண்டும். செல்பேசி வாங்கும்போது அதில் முன்கூட்டியே இருக்கும் அமைப்புகளை நம்மில் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. அதுபோல, களைத்த நீதிபதியின் கை இயல்பாகப் போகும் பக்கத்தில் சாவு இருந்தது. சட்டம் அந்த இடத்தில் உயிரைக் கொண்டுவந்து வைத்தது. 1980இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வாசலை மேலும் குறுக்கி, ‘அரிதினும் அரிதான’ வழக்குக்கு மட்டும் என்றது.

அப்படியும் விதித்தால் அது உடனே உயிர் பெறுவதில்லை. உயர் நீதிமன்றம் சாட்சியங்களை மறுபடி பார்த்து, குறைந்தது இரண்டு நீதிபதிகள் கையொப்பமிட வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்குப் போனால் மூன்று நீதிபதிகள் கேட்க வேண்டும். ஆக, முதல் நீதிபதியோடு சேர்த்து ஆறு மனசாட்சிகள். அதன் பிறகும் மறு ஆய்வு, குடியரசுத் தலைவரிடம் கருணை மனு என்று வாசல்கள் உண்டு. துணி அசைக்க ஆட்கள் நின்றுகொண்டே இருக்கிறார்கள். இவற்றோடு எந்தச் சட்டத்திலும் எழுதாத ஒரு சடங்கும் இருக்கிறது. மரண தண்டனையில் கையொப்பமிட்ட பிறகு சில நீதிபதிகள் பேனா முள்ளை உடைத்துவிடுவார்கள். ஓர் உயிரை எழுதி முடித்த கருவி வேறெதையும் எழுத வேண்டாம் என்று.

ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து படிகள்

உயிர் வழக்குகள் அபூர்வம். நீதிபதியின் அன்றாடம் வேறு. மூன்று ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்லும் ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘வரை’ என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குள் 1,095 நாட்கள் இருக்கின்றன. 1,095 படிகள் கொண்ட ஏணி. எந்தப் படியில் நிறுத்துவது என்பதை எந்தப் பிரிவும் சொல்லாது. ஏணியில் ஏற்றாமலே, 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டப்படி விட்டுவிடவும் முடியும். 21 வயதுக்குக் குறைந்தவரைச் சிறைக்கு அனுப்பினால் பல வழக்குகளில் நீதிபதிதான் காரணம் எழுத வேண்டும். புதிய தண்டனைச் சட்டத்தில் 5,000 ரூபாய்க்குக் குறைந்த முதல் திருட்டுக்கு, பொருளைத் திருப்பிக் கொடுத்தால், சமூக சேவையே தண்டனை.

இந்த ஏணியின் முன் நின்று நீண்ட நேரம் யோசித்தவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1915இல் பாலக்காட்டில் பிறந்து, சென்னையில் சட்டம் படித்து, தலச்சேரியில் வழக்கறிஞராக இருந்தவர். 1948இல் ஒரு மாதம் சிறையில் இருந்தார். 1957இல் கேரள அமைச்சரவையில் சிறைத் துறையைக் கவனித்தார். 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்றத்தில் இருந்தார். சிறைக் கதவை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்த்த நீதிபதி. 1977இல் அவர் முன் ஒரு மோசடி வழக்கு வந்தது. வேலை வாங்கித் தருவதாக இளைஞர்களிடம் பணம் பறித்தவருக்கு மூன்று ஆண்டுச் சிறை. கிருஷ்ணய்யர் அதைப் பதினெட்டு மாதமாகக் குறைத்தார். அதோடு விடவில்லை. சிறையில் அவருக்கு மூளைக்கும் வேலை தரும் பணி கொடுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் வீட்டுக்குப் போய்வர விடுங்கள் என்று எழுதினார். குற்றம் மனத்தின் நோய், அதைக் குணப்படுத்த வேண்டியது அரசின் கடமை என்பது அவர் பார்வை. அதே ஆண்டு இன்னொரு தீர்ப்பில் தியானத்தைச் சிறைச் சீர்திருத்த வழிகளில் ஒன்றாக எடுத்துப் பேசினார். தண்டனையின் அளவோடு நீதிபதியின் வேலை முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. ஒரு மனிதரைச் சுவருக்குள் அனுப்பினால் அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்பதும் தீர்ப்பின் பகுதிதான் என்றார்.

1992இல் கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூகோன் பகுதியில் பாரி ஸ்டூவர்ட் என்ற நீதிபதி வேறொன்றை மாற்றினார்: நாற்காலிகளை. கூண்டில் நின்றவர் பழங்குடி இளைஞர். ஏற்கெனவே 43 முறை குற்றவாளி என்று தீர்ப்பானவர். பழைய மருந்து திரும்பத் திரும்பத் தோற்றிருந்தது. ஸ்டூவர்ட் மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளை வட்டமாகப் போடச் செய்தார். அந்த மண்ணின் பழங்குடி மக்கள் காலங்காலமாக வட்டமாக உட்கார்ந்துதான் பிரச்சினைகளைத் தீர்த்தார்கள். வட்டத்தில் தலைமாடு கால்மாடு கிடையாது. குடும்பத்தார், ஊர்ப் பெரியவர்கள், காவலர், வழக்கறிஞர்கள், நீதிபதி, குற்றவாளி எல்லோரும் ஒரே உயரத்தில். அதுவரை வழக்கறிஞர்கள் மட்டும் பேசிய இடத்தில் எல்லோரும் பேசினார்கள். முடிவில் சிறைக்குப் பதிலாக, குடும்பமும் சமூகமும் பொறுப்பேற்ற ஒரு நன்னடத்தைத் திட்டம் பிறந்தது. இருக்கை மாறியதும் யார் பேசுகிறார்கள் என்பது மாறுகிறது, யார் பேசுகிறார்கள் என்பதால் முடிவு மாறுகிறது என்று தன் தீர்ப்பில் அவர் விரிவாக விளக்கினார்.

எண், நேரம், வரிசை, வாக்கியம், நாற்காலி. இத்தனை கருவிகளுக்குப் பிறகும் ஒரு சிறு இடம் மிஞ்சுகிறது. நம்மூர் நீதிமன்றத்தில் தண்டனை குறித்து என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கும் நேரத்தில் போய் உட்கார்ந்தால் அதைப் பார்க்கலாம். கூண்டில் நிற்பவர் பெரும்பாலும் இரண்டு வரிதான் சொல்வார். வயதான அம்மா இருக்கிறார், சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், குறைவாகக் கொடுங்கள் ஐயா. நீதிபதி அதை எழுதிக்கொள்வார். கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்திவிட்டது. எழுத வேண்டும் என்றும் கட்டாயப்படுத்திவிட்டது. எழுதும்போது அவர் கோப்பிலிருந்து தலை நிமிர்த்தி அந்த முகத்தைப் பார்க்கிறாரா என்பதை எந்தப் பிரிவாலும் கட்டாயப்படுத்த முடியவில்லை.

மிஷ்னாவை எழுதியவர்களும் இந்த இடத்தை அறிந்திருக்க வேண்டும். துணி எங்கே இருக்க வேண்டும், குதிரை எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று அவர்களால் விதி போட முடிந்தது. ஆனால் துணி அசையும் அந்த நொடியில் குதிரைமேல் இருப்பவரின் கண் வாசல் பக்கம் இருக்க வேண்டும். அதை அவர்கள் அவரிடமே விட்டுவிட்டார்கள்.